கம்பத்தில் ஆள்

தேவனேரி
9-6-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

வச்சலா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் குழந்தை ரத்னாவும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? மாசி மாதத்துக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. செங்கல்பட்டு என்ன சீமையிலா இருக்கிறது?

உன் மாப்பிள்ளை போட்டை விட்டுவிட்டார். தை மாதம் நடுக்கடலில் இஞ்சின் நின்று, புதுச்சேரிப் பக்கம் வரை நீரோட்டம் இழுத்துப்போய், யாரோ புண்ணியவான்கள் கட்டி இழுத்து வந்தார்களே, அதற்குப் பிறகு அவருக்கு மனசு கடல் பக்கம் திரும்பவில்லை. ஆனால் இஞ்சின் வேலை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவில் தனியாக ஒரு ஷெட் போட்டிருக்கிறார். போட் இஞ்சின், பம்ப்செட் இஞ்சின் எல்லாம் அங்கேயே பழுது பார்க்கப் போகிறாராம். டிரில்லிங் மிஷின் வந்துவிட்டது. பழைய லேத் ஒன்று பட்டணத்திலிருந்து வரப்போகிறது.

ஷெட்டுக்குக் கரண்ட் வேண்டும். அதை எப்படிக் கொண்டுபோவது என்று உன்னைத்தான் கேட்கச் சொன்னார். எனக்குக் கரண்ட் என்றாலே பயம், உனக்குத் தெரியும். பாம்பு என்றால் ஒரு சத்தமாவது கேட்கும். இது சுவரில் சும்மா இருக்கிறது. ரத்னா இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எதைக் கண்டாலும் பிடிக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நீயே போட்டுக் கொடுத்துவிட்டுப் போ. வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். அண்ணியின் முதுகுவலி தேவலையா?

உன் தங்கை
வச்சலா


செங்கல்பட்டு
17-6-1974

அன்புள்ள தங்கை வச்சலாவுக்கு,

உன் கடிதம் பார்த்ததில் சந்தோஷம். கல்யாணிக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தைக்குப் பல் முளைக்கும் நேரம், வயிற்றுக்குப் பார்த்துக் கொடு.

ஷெட் விஷயம். வீட்டு லைனிலிருந்து கம்பி இழுக்கவே கூடாது. லேத் ஓட மூன்று பேஸ் வேண்டும். ஷெட்டுக்கென்று தனி சர்வீஸ் கேட்டு லைன் ஆபீசில் மனு கொடுக்கட்டும். நாளானாலும் பரவாயில்லை. என்னென்ன மிஷின், ஒவ்வொன்றும் என்ன குதிரைசக்தி, எந்தெந்த மிஷின் ஒரே நேரத்தில் ஓடும் என்று முதலில் யோசித்துக்கொள்ளச் சொல். அதற்குத் தகுந்த கனத்தில் கம்பி போட வேண்டும். மெல்லிய கம்பி சூடேறி உருகும். ஷெட்டுக்குத் தனி மெயின் சுவிட்ச் வேண்டும், கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில். ஒவ்வொரு மிஷினுக்கும் எர்த் வேண்டும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் இரும்பெல்லாம் அரித்துப்போகும், வருஷத்துக்கு ஒருமுறை கம்பி சேர்கிற எல்லாத் திருகு முடுக்கையும் பார்க்க வேண்டும். ஈரக் கையோடு யாரும் ஷெட்டுக்குள் போகக் கூடாது. துணி காயப்போடும் கொடியைக் கம்பிக்குக் கீழே கட்டாதே.

கரண்ட் போயிருக்கும்போதும் இருப்பதாகவே நினைக்க வேண்டும். இல்லை என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பக் கூடாது. இதை மாப்பிள்ளைக்கு இரண்டு முறை படித்துக் காட்டு.

இங்கே வேலை நெருக்கடி. பார்க்கலாம்.

அன்புடன்
நீலமேகம்


தேவனேரி
30-6-1974

அன்புள்ள அண்ணா,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் நலமே. உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும்.

உன் கடிதத்தை அவருக்கு இரண்டு முறை படித்தேன். முதல் முறை கேட்டுக்கொண்டார். இரண்டாவது முறை சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “ஒங்கண்ணன் நம்ம ஷெட்டுக்குப் பிளான் போட்டாரா, இல்ல கல்பாக்கத்துல அணுமின் நிலையம் கட்டுறாங்களே, அதுக்குப் போட்டாரா?” என்றார். ஆனாலும் மனு கொடுத்துவிட்டார். கம்பங்கள் நட வேண்டும், தளவாடம் வர வேண்டும், தை மாதம் ஆகும் என்றார்களாம். அதுவரை சும்மா உட்கார அவரால் முடியுமா, சொல்.

நீ பத்து வருஷம் கம்பம் ஏறினவன். உனக்கு இது ஒரு பொழுது வேலை. “பார்க்கலாம்” என்று எழுதியிருக்கிறாய். என்றைக்குப் பார்க்கலாம்?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

வச்சலா


செங்கல்பட்டு
12-8-1974

அன்புள்ள வச்சலா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆடி முழுக்க இங்கே அலைச்சல்.

இந்த மாதமும் என்னால் வர முடியாது. அடுத்த மாதம் என்றும் சொல்ல முடியாது. தை வரை பொறுத்திருக்கச் சொல். கையால் ஓட்டுகிற மிஷின்கள் இல்லையா? மாப்பிள்ளையாக எதையும் தொட வேண்டாம். தெரிந்தவர், தெரியாதவர் யாரையும் வைத்தும் செய்ய வேண்டாம். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே.

நீ ஷெட்டுக்குள் போகிறாயா? போகாதே.

குழந்தைக்கு என் முத்தங்கள்.

நீலமேகம்


தேவனேரி
25-8-1974

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே என் நெஞ்சுதான் சரியாக இல்லை.

நீ வரமாட்டேன் என்று எழுதியதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்யாண வீடுகளுக்கு சீரியல் பல்பு கட்டுகிற எல்லப்பன் என்பவரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் எங்கள் மீட்டர் பெட்டியிலிருந்து கம்பி எடுத்து, சவுக்குக் கழி நட்டு, ஷெட்டுக்கு இழுத்துக் கொடுத்துவிட்டார். எர்த் எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் பெரிய மில்லுக்கும்மா” என்றார்.

நேற்று ஷெட்டின் தகரக் கதவைப் பிடித்தேன். உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. ஈரக் காலோடு மறுபடி பிடித்தபோது சுள்ளென்று முழங்கை வரை ஏறிற்று. அவரிடம் சொன்னால், “செருப்புப் போட்டுகினு வா, ஒண்ணும் ஆவாது” என்கிறார். குழந்தையைத் தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சமைக்கிறேன். அது இறங்க வேண்டுமென்று அழுகிறது.

இன்னொன்று. செங்கல்பட்டுக்குக் கருவாடு கொண்டுபோகிற சொர்ணம் சித்தி உன்னைப் பார்த்தாளாம். “ஒங்கண்ணன் கம்பத்து வேலைய வுட்டுட்டு ஸ்டோர்ல குந்திகினு கீது. ஆளு பாதியாப் பூட்டாரு. கூப்டா காதுலயே வுழல” என்றாள். எனக்கு ஏன் எழுதவில்லை? உடம்பு சரியில்லையா? சொல்லு அண்ணா.

வச்சலா


செங்கல்பட்டு
29-8-1974

வச்சலா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் பார்த்த உடனே செய்.

கதவு இரும்பில் கரண்ட் இறங்குகிறது. கம்பி எங்கோ தகரத்தில் உரசியிருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு அதைத் தேடிப் பிடித்து, உறை போட்டுக் கட்டச் சொல். ஷெட் ஓரமாக ஈரம் தங்குகிற இடத்தில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்புமாக அடுக்கி மூட வேண்டும். அதிலிருந்து கெட்டிக் கம்பி எடுத்து மிஷின் உடம்புக்கும் கதவுச் சட்டத்துக்கும் முடுக்க வேண்டும். தினமும் அதில் தண்ணீர் ஊற்று. அது முடிகிற வரை ஷெட் பக்கம் யாரும் போகக் கூடாது. ரத்னாவைக் கீழே விடாதே. மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும்.

செய்து முடித்ததும் ஒரு கார்டு போடு. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

லைன் ஆபீஸ் சாமான் ஸ்டோரில் ஆள் குறைவு என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

நீலமேகம்


தேவனேரி
6-10-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சௌக்கியம். எர்த் போட்டாகிவிட்டது என்று அன்றைக்கே போட்ட கார்டு கிடைத்திருக்கும். இப்போது கதவு சாதாரணக் கதவாக இருக்கிறது. உன் மாப்பிள்ளையே குழி வெட்டினார். முடிந்த பிறகு கதவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒங்கண்ணன் ஆளு கெட்டிதான்” என்றார். ரத்னா தரையில் நடக்கிறாள். ஸ்டோரைப் பற்றி நீ எழுதிய ஒரு வரி எனக்குப் போதவில்லை, அது இருக்கட்டும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. இந்தக் கரண்ட் வெட்டு காலத்தில் பாதி நாள் மிஷின் தூங்குகிறது அல்லவா? கருங்குழிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ் மூடிவிட்டார்கள். அவர்களுடைய டைனமோவை இவர் வாங்கி வந்து, ஷெட்டில் இருந்த டீசல் இஞ்சினோடு பெல்ட் போட்டு மாட்டிவிட்டார். எல்லப்பன் அதை அதே ஷெட் கம்பியில் சேர்த்துக் கொடுத்தார். தெருவில் கரண்ட் போனால் இவர் இஞ்சினை ஓட்டுகிறார். ஷெட்டிலும் எரிகிறது, வீட்டிலும் எரிகிறது. ரத்னா கை தட்டுகிறாள். “கவருமெண்ட்டு கரண்ட்டு போனா இன்னா, நம்ம கரண்ட்டு கீது” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நேற்று தெருவே இருட்டாக இருந்தபோது இவர் டைனமோ ஓட்டினார். பக்கத்து வீட்டு மூர்த்தியின் பெண்சாதி ஓடிவந்தாள். அவர்கள் வீட்டுப் பல்பும் சிவப்பாக, அழுது வடிந்துகொண்டு எரிகிறதாம். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் கம்பியே கிடையாது. இரண்டு வீட்டுக்கும் தெருக் கம்பத்திலிருந்துதான் வருகிறது. பிறகு எப்படி எரிந்தது? இவர், “எரிஞ்சிட்டுப் போவட்டும், அக்கம்பக்கம் தானே” என்கிறார். எனக்கென்னவோ பேய் பிடித்த வீடு மாதிரி இருந்தது.

மழை இறங்கிவிட்டது. அண்ணி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

வச்சலா


தந்தி
9-10-1974

டைனமோ ஓட்டாதே. மெயினை இறக்கு. உடனே. வருகிறேன். நீலமேகம்.


செங்கல்பட்டு
12-10-1974

அன்புள்ள வச்சலாவுக்கு அண்ணி கல்யாணி எழுதுவது,

எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தார். முகம் வெளுத்துப்போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, “தந்தி அடிச்சிட்டு அப்படியே தேவனேரி போறேன்” என்று மட்டும் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் தகவல் போடுவார் என்று பார்த்தேன். இன்று சனிக்கிழமை. ஒன்றும் வரவில்லை. திருக்கழுக்குன்றம் சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றதாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர் உங்களோடு இருக்கிறாரா? இருந்தால் ஒரு வரி எழுதச் சொல்.

வச்சலா, அவர் முன்னைப்போல இல்லை. மாசியிலிருந்து வீட்டு விளக்கைக்கூட நான்தான் போடுகிறேன், நான்தான் அணைக்கிறேன். சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோவார், எடுத்துக்கொள்வார். கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். இதை நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே.

உடனே பதில் எழுது.

கல்யாணி


தேவனேரி
15-10-1974

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் ஊருக்கு வந்திருக்கிறார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதன்கிழமை காலையிலிருந்தே காற்றும் மழையும். தெருவில் கரண்ட் இல்லை. இவர் காசிமேட்டுப் போட் ஒன்றின் உதிரிச் சாமானில் துளை போட டைனமோவை ஓட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் மகாபலிபுரத்திலிருந்து தந்திக்காரர் சைக்கிளில் நனைந்து வந்து, இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னார். எனக்குக் காரணம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் “உடனே” என்று அண்ணன் சொன்னால் உடனேதான்.

மெயின் பிடியை நான் இதுவரை தொட்டதே இல்லை, அண்ணி. மர முக்காலியில் ஏறி, காய்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி இழுத்தேன். கண்ணைத் திறந்தால் வீட்டு விளக்கு அணையவில்லை. முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது! நான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். குழந்தையை வாரிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

“நிறுத்துய்யா! இஞ்சின நிறுத்து!”

“இன்னாடி? வேல ஓடிகினு கீது.”

“அண்ணன் தந்தி அடிச்சிகீது. டைனமோ ஓட்டாதன்னு.”

“ஒங்கண்ணனுக்கு வேற பொயப்பு இல்ல. வரமாட்டாராம், தந்தி மட்டும் அடிப்பாராம்.”

“எனக்கு ஒண்ணும் புரியல. நீ நிறுத்தலன்னா இந்தக் கொயந்தயத் தூக்கிகினு நான் இப்பவே மழையில பூடுவேன்.”

என் முகத்தில் எதைக் கண்டாரோ, நிறுத்திவிட்டார். இஞ்சின் நின்றதும் மழைச் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு குரல். “யாரு வூட்ல டைனமோ ஓடுது?”

லைன்மேன் திருவேங்கடம். இடுப்புப் பட்டைகூட அவிழ்க்கவில்லை.

“நான் லைன ஆஃப் பண்ணிட்டு வந்து தெருக்கோடிக் கம்பத்துல ஏறிகீறேன். நீ கீழ இருந்து கரண்ட் வுட்டா நான் இன்னாய்யா ஆவேன்? நீ செய்யற கரண்ட்டு ஒன் வூட்டோட நிக்குமா? வந்த வழியாவே கம்பத்துக்கு ஏறிடும். கம்பியத் தொட்டுகினு இருக்கிறவன் அங்கயே தொங்குவான். எனக்கும் ரெண்டு பொண்ணு கீது” என்றார்.

மூர்த்தி வீட்டுப் பல்பு எதனால் எரிந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மெயினை இறக்கிய பிறகு கரண்ட் கம்பத்துக்குப் போக வழியில்லாமல் எங்கள் வீட்டோடு நின்றுவிட்டதாம், விளக்கு பிரகாசமானது அதனால்தானாம். இவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். “எனக்குத் தெர்லபா. சத்தியமா எனக்குத் தெர்லபா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடலிலிருந்து திரும்பி வந்த அன்றுகூட இவர் முகம் அப்படி இல்லை.

“ஒனக்கு எப்படித் தெரிஞ்சிது?” என்று நான் திருவேங்கடத்தைக் கேட்டேன்.

“கம்பத்துல பாதிக்கு மேல ஏறிட்டேன். ஒர்த்தர் மழையில ஓடியாந்து கம்பத்தக் கட்டிப் புடிச்சிகினு, ‘எறங்குடா, தொடாத, எறங்குடா’ன்னு கத்துறாரு. பைத்தியம்னு நெனச்சேன். எறங்கினதும் என் கையப் புடிச்சிப் புடிச்சிப் பாக்குறாரு. இந்தத் தெருவுல டைனமோ கீது, போய்ப் பாருன்னாரு. நீயும் வா அண்ணாத்தன்னேன். தலைய ஆட்டிட்டு அப்படியே ரோட்டுப் பக்கம் பூட்டாரு.”

கையில் துணிப்பை இருந்ததாம். நெற்றியில் தழும்பு இருந்ததாம். அண்ணனேதான். நான் மழையில் தெருக்கோடி வரை ஓடினேன். பிறகு பெரிய ரோடு வரை ஓடினேன். யாரும் இல்லை.

தெருக்கோடி வரை வந்தவர் ஏன் வீட்டுக்குள் வரவில்லை அண்ணி? அங்கே இன்னும் வரவில்லை என்றால் எங்கே போனார்? இவர் திருக்கழுக்குன்றம் வரை போய் பஸ் ஸ்டாண்டில் விசாரித்துவிட்டு வந்தார். நாளைக்கு உங்களிடம் வருகிறார். அதற்குள் அவர் வந்துவிட்டால் தந்தி அடியுங்கள். நீங்கள் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

வச்சலா


செங்கல்பட்டு
17-10-1974

அன்புத் தங்கை வச்சலாவுக்கு,

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று மாலை. வாசலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டார். உங்கள் எல்லோரையும் நோகடித்துவிட்டேன்.

நேரில் சொல்ல வாய் வராது. எழுதிவிடுகிறேன்.

மாசியில் நானும் முத்துசாமியும் ஒரே கம்பத்தில் வேலை செய்தோம். லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினோம். நான் ஒரு படி கீழே, அவன் மேலே. பக்கத்தில் ஒரு அரிசி மில். கரண்ட் இல்லையென்று அவர்கள் தங்கள் டைனமோவை ஓட்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் செய்ததைப் போலவேதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. முத்துசாமி என்னோடு பேசிக்கொண்டிருந்தவன், பேச்சை முடிக்கவில்லை. அவன் கால் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் கம்பியைப் பார்த்தாலே என் கை நடுங்குகிறது. எழுதிக் கேட்டு ஸ்டோருக்குப் போனேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் வேலை என்று எழுதினேன். உனக்குப் பிளான் எழுத முடிந்தது, வந்து ஒரு முடுக்கு முடுக்க முடியாது. தங்கை வீட்டில், மாப்பிள்ளைக்கு முன்னால் அது தெரிந்துவிடுமே என்று இருந்தது.

பக்கத்து வீட்டுப் பல்பு எரிந்தது என்று நீ எழுதினாயே, அந்த வரியில் எனக்கு உலகமே நின்றுவிட்டது. மழை நாள். நிச்சயம் ஒருவன் எங்கேயாவது கம்பத்தில் இருப்பான். பஸ்ஸில் உட்கார்ந்து வழியெல்லாம் கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். உன் தெருக்கோடியில் இறங்கினால், இருந்தான். இஞ்சின் சத்தம் காற்றில் கேட்டது. நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை. அந்தப் பையன் இறங்கிவிட்டான். அவன் கை சூடாக இருந்தது. சத்தமும் நின்றது. அதற்குமேல் என்னால் உன் வீட்டுக்கு நடக்க முடியவில்லை. கம்பியைச் சரி செய்து கொடு என்று நீ கேட்பாய் என்ற பயம்தான்.

எங்கே போவதென்று தெரியவில்லை. கால் என்னைக் கூடுவாஞ்சேரிக்குக் கொண்டுபோனது, முத்துசாமியின் வீட்டுக்கு. சாவுக்குப் பிறகு அங்கே நான் தலைகாட்டியதே இல்லை. அவன் மனைவி ஆராயி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். சோறு போட்டாள். குளிர் காய்ச்சலில் அங்கேயே விழுந்துவிட்டேன், கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கடைசியில் ஒன்று கேட்டாள். “அந்த ஆளு கடசியா இன்னா பேசிகினு இருந்தாருண்ணா?” இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை மாதம் ஒளிந்திருந்தேன். சொன்னேன். “எறங்கினதும் டீ குடிக்கலாம்டா, இன்னிக்கு நீ வாங்கிக் குடு” என்றான். ஆராயி அழுதாள், நடுவில் சிரித்தும்விட்டாள். “எப்பப் பாரு டீ” என்றாள்.

தேவனேரியில் ஒருவன் உயிரோடு இறங்கினான் என்று அவளிடம் சொன்னேன். அவன் பேர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. விசாரித்து எழுது.

நீலமேகம்


தேவனேரி
2-2-1975

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முதுகுவலிக்கு ஒத்தடம் கொடுக்க ஆள் வைத்துக்கொண்டீர்களா? அண்ணன் இங்கே நன்றாக இருக்கிறார், கவலை வேண்டாம். இரண்டு வேளையும் மீன் சாப்பிடுகிறார். இன்று நடந்ததை உங்களுக்கு நானே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவர் எழுதினால் பாதியை விட்டுவிடுவார்.

எல்லப்பன் போட்ட கம்பியை ஐப்பசியிலேயே இவர் பிய்த்துப் போட்டுவிட்டார். டைனமோ இத்தனை நாள் சாக்கு போர்த்திக் கிடந்தது. தனி சர்வீஸ் கிடைக்கும் என்று தகவல் வந்ததும் அண்ணனை அழைத்து வரச் செங்கல்பட்டுக்கு வந்தவர், உங்களிடம் பெரிதாக ஒன்றும் பேசியிருக்க மாட்டார். இங்கே வருகிற வழியில் பஸ்ஸில் அண்ணனிடம் சொன்னாராம். “மச்சான், நானும் இன்னும் கடல்ல கால வெக்கல. வூட்ல யாரும் கேக்கல, நானும் சொல்லல.” எனக்கே அது புதிது அண்ணி. கடலில் மனசு விட்டுப்போயிற்று என்றுதான் நானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், பயம் என்று நினைக்கவில்லை.

அண்ணன் வந்து முதல் நாள் முழுக்க ஷெட்டுக்கு வெளியே தென்னை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, இப்படி அப்படி என்று வாயால் சொன்னார். இவர் செய்தார். மறுநாள் உள்ளே வந்து நின்றார். அதற்கு மறுநாள் இவர் ஒரு முடுக்கைத் தப்பாக மாட்டினார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டார். தானே முடுக்கினார். கம்பியில் கரண்டே கிடையாது, அது அவருக்கும் தெரியும், ஆனாலும் வேர்த்துக் கொட்டிற்று. நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். டைனமோவுக்கென்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார். இந்தப் பக்கம் தள்ளினால் தெருக் கரண்ட், அந்தப் பக்கம் தள்ளினால் டைனமோ. இரண்டும் ஒரு நாளும் ஒன்று சேர முடியாது.

இன்று காலை கம்பத்தில் இணைப்புக் கொடுக்க வந்தவர் திருவேங்கடம். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஷெட்டுக்குப் போய், எல்லா பியூஸ் கட்டையையும் உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அது போதாதென்று டைனமோ பெல்ட்டையும் கழற்றித் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. திருவேங்கடம் மேலே போகப் போக அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. ரத்னா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் மூச்சு விடப் பயமாக இருந்தது. மேலே அந்த மனிதன் கம்பியைத் தொட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் மூடவில்லை.

திருவேங்கடம் இறங்கி, கால் மண்ணில் பட்டதும், அண்ணன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு தோளைத் தொட்டார், முகத்தைத் தொட்டார். பிறகு அத்தனை பேருக்கு முன்னால் வாய்விட்டு அழுதார் அண்ணி. மாசியிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சொன்னீர்களே, அத்தனையும் சேர்த்து அழுதார்.

திருவேங்கடத்துக்கு வெட்கமாகிவிட்டது. “இன்னா அண்ணாத்த, நான்தான் முயுசா எறங்கிட்டேனே” என்றார்.

“எறங்கிட்ட” என்றார் அண்ணன். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “வா, டீ குடிக்கலாம். நான் வாங்கித் தரேன்.”

இருவரும் ரோட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்கள். பியூஸ் கட்டையெல்லாம் அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது. இவர் லேத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போய்க் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். “வேணாம், மெதுவாக் குடிச்சிட்டு வரட்டும்” என்கிறார்.

உங்கள் அன்பு நாத்தனார்
வச்சலா